கணக்குக்கு மொழி கிடையாதாம்

பள்ளிச் சேர்க்கை நடக்கும் நாட்களில் எந்த ஊர்ப் பள்ளி வாசலில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். “தமிழு, வரலாறெல்லாம் தமிழ்லயே படிக்கட்டும் சார். கணக்குக்கும் சயின்ஸுக்கும் என்ன மொழி வேண்டிக் கிடக்கு? ரெண்டும் ரெண்டும் எங்க போனாலும் நாலுதானே? அதை இங்கிலீஷ்ல படிச்சா அந்தச் சாக்குல இங்கிலீஷும் வந்துடும்.” சொல்பவர் ஆட்டோ ஓட்டும் அப்பாவாக இருக்கலாம், கல்வித் துறை அதிகாரியாக இருக்கலாம், தாய்மொழியின் பெருமையை மேடையில் தொண்டை வறளப் பேசிவிட்டு இறங்கியவராகவும் இருக்கலாம். வேறு எதிலும் ஒத்துப்போகாதவர்கள் இந்த ஒன்றில் கைகோத்துக்கொள்கிறார்கள். இத்தனை பேர் ஒத்துக்கொண்டுவிட்டதால், இதை யாரும் தட்டிப் பார்ப்பதுமில்லை.

இந்தப் பேச்சுக்குள் இரண்டு கூற்றுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கணக்கு மொழியற்றது, எனவே எந்த மொழியில் நடத்தினாலும் பிள்ளைக்கு நட்டமில்லை என்பது ஒன்று. ஆங்கிலத்தில் நடத்தினால் ஆங்கிலம் தனிச் செலவில்லாமல் வந்து சேரும் என்பது மற்றொன்று. இரண்டுமே பிசகு. அதிலும் இரண்டாவது பெரிய பிசகு. ஆங்கிலத்தை நம்பி வாசலில் வந்து நிற்கும் பெற்றோரையே அது ஏமாற்றிவிடுகிறது.

இந்த வாதத்தை ஒரு நாடு முழுவதும் நடத்திப் பார்த்தாகிவிட்டது. அதில் தமிழ்ப் பள்ளிகளும் சேர்த்தி. மகாதீர் முகம்மது பிரதமராக இருந்தபோது, 2003 ஜனவரியில் மலேசியா கணக்கையும் அறிவியலையும் ஆங்கிலத்துக்கு மாற்றியது. காரணம் இதேதான்: இவை உலகப் பொதுவான பாடங்கள், இவற்றின் வழியே ஆங்கிலமும் வளரும். சீனப் பள்ளிகள் விடாப்பிடியாக நின்று, சீனத்திலும் ஆங்கிலத்திலும் நடத்திக்கொள்ளும் ஏற்பாட்டை வாங்கிக்கொண்டன. ஆறு ஆண்டுகள் கழித்து, 2009 ஜூலையில், கல்வி அமைச்சர் முகைதீன் யாசின் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார். நகரத்துப் பிள்ளைக்கும் கிராமத்துப் பிள்ளைக்கும் இடையிலான தூரம் கூடிவிட்டது என்பது அரசே சொன்ன காரணங்களில் ஒன்று. எட்டாம் வகுப்பு அளவில் நடக்கும் டிம்ஸ் பன்னாட்டுத் தேர்வில் மலேசியாவின் கணக்கு மதிப்பெண் 2003இல் 508ஆக இருந்து 2007இல் 474ஆக இறங்கியிருந்தது. அறிவியல் 510இலிருந்து 471க்கு. சரிவு முழுவதையும் மொழியின் தலையில் கட்டிவிட முடியாது. 2011இல் மதிப்பெண் இன்னும் இறங்கியது. அதற்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் கணக்குக்கு மொழி கிடையாது என்றால் மொழியை மாற்றியதில் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது. கிராமத்துப் பிள்ளைகள் மட்டும் ஏன் பின்தங்க வேண்டும்? வீட்டில் ஆங்கிலப் புழக்கம் இல்லாதவர்கள் அவர்கள்தாம். மொழியற்ற பாடம், மொழி பார்த்து ஆளைத் தள்ளிவிட்டதா என்ன?

சரி, கணக்கில் மொழி எங்கே ஒளிந்திருக்கிறது?

எண்களிலிருந்தே தொடங்கலாம். நம் ஊர் எல்கேஜி வகுப்பில் ‘ஃபோர்டீன்’ என்று சொன்னால் 41 என்று எழுதும் பிள்ளை ஒன்றாவது இருக்கும். அது மக்கு இல்லை. காதில் விழுந்த வரிசைப்படி எழுதியிருக்கிறது. ‘ஃபோர்’ முதலில் வருகிறது, பத்து பின்னால் வருகிறது. பதினான்கு என்னும்போது பத்து முன்னால், நான்கு பின்னால். 14 என்று எழுதும் வரிசையும் அதுவே. ‘லெவன்’, ‘ட்வெல்வ்’ என்பவற்றில் பத்து இருப்பதே தெரியாது. சீனக் குழந்தைகளையும் அமெரிக்கக் குழந்தைகளையும் எண்ணச் சொல்லி ஒப்பிட்ட கெவின் மில்லர் குழுவினர் கண்டது இது: பத்து வரைக்கும் இரு தரப்புக்கும் வித்தியாசமில்லை, அதைத் தாண்டியதும் அமெரிக்கக் குழந்தைகள் தடுமாறுகிறார்கள். சீனத்தில் பதினொன்று என்பது பத்து-ஒன்று, அவ்வளவுதான். இதைத் தமிழ்ப் பெருமையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எண்பத்தொன்பதுக்குப் பிறகு தொண்ணூறு என்று தாவும் நம் ஏற்பாடும் பிள்ளைகளைத் தடுக்கி விழ வைப்பதுதான். ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைக்கு ‘ஃபோர்டீன்’ குழப்பம் சில மாதங்களில் சரியாகிவிடும், சுற்றிலும் நாள் முழுக்க அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டே இருப்பதால். திட்டக்குடியில் பூக்கடை வைத்திருப்பவரின் பிள்ளைக்கு அதை யார் சொல்லிக்கொண்டிருக்கப் போகிறார்கள்?

பின்னத்துக்கு வந்தால் விஷயம் இன்னும் பிடிபடும். கரும்பலகையில் மேலே 3, நடுவில் கோடு, கீழே 4. ஆங்கில வழி வகுப்பில் அதை ‘த்ரீ பை ஃபோர்’ என்று வாசிக்கிறோம். மூன்று, நான்கு என்ற இரண்டு எண்களுக்கு நடுவில் ஒரு ‘பை’. ஒரு முழுப்பொருள் இருந்தது, அதை நான்கு சமபங்காக்கினோம், அதில் மூன்றை எடுத்தோம் என்ற எதுவும் அந்த ஓசையில் இல்லை. ‘நான்கில் மூன்று’ என்று சொல்லிப் பாருங்கள். முதலில் நான்கு, பிறகு அதற்குள்ளிருந்து மூன்று. செய்ய வேண்டிய வேலை சொல்லிலேயே இருக்கிறது. கொரிய மொழியும் இப்படித்தான் சொல்கிறது. கொரியக் குழந்தைகள் பள்ளியில் பின்னம் படிப்பதற்கு முன்பே படத்தோடு பின்னத்தைப் பொருத்துவதில் அமெரிக்கக் குழந்தைகளை மிஞ்சுகிறார்கள் என்று 1999இல் ஓர் ஆய்வு வந்தது. அது கொரிய வளர்ப்பின் மகிமை என்று சிலர் சொல்லியிருப்பார்கள். பைக், மிக்ஸ் என்ற இருவர் 2003இல் ஒரு குறும்பு செய்தார்கள்: அமெரிக்கக் குழந்தைகளிடம் ஆங்கிலத்திலேயே, ஆனால் ‘நான்கு பங்கில் மூன்று’ என்கிற தினுசில் சொல்லிக் கேட்டார்கள். மதிப்பெண் ஏறியது, இடைவெளி காணாமல் போனது. குழந்தை அதே குழந்தை, படமும் அதே படம். மாறியது சொன்ன விதம் மட்டும்.

நம் பிள்ளைகள் வீட்டில் கால், அரை, முக்கால் என்று வாய்க்கு வாய் பேசிக்கொண்டுதான் பள்ளிக்கு வருகிறார்கள். ‘கால் கிலோ தக்காளி’ வாங்கி வரும் பிள்ளைக்குப் பின்னம் தெரியாது என்று யார் சொன்னது? நாலு கால் சேர்ந்தால் ஒன்று என்பதை அதற்கு யாரும் நிரூபித்துக் காட்ட வேண்டியதில்லை. மாகாணி, அரைக்கால் எல்லாம் பிள்ளைகள் மனனம் செய்த திண்ணைப் பள்ளிக் காலத்தைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை; அந்தப் பிரம்படிக்காக ஏங்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடும் இல்லை. காலும் அரையும் இன்று, இந்தத் தெருவில், உயிரோடு இருக்கின்றன. வகுப்புக் கதவைத் தாண்டும்போது அவற்றை வெளியே விட்டுவிட்டு வரச் சொல்கிறோம்.

வெளியே விடுவதால் என்ன நடக்கிறது என்பதற்குப் பிரேசிலிலிருந்து ஒரு சாட்சி. ரெசீஃபே நகரத் தெருக்களில் இளநீரும் தின்பண்டமும் விற்கும் பிள்ளைகளிடம் நூனெஸ், கராஹெர், ஷ்லீமன் என்னும் ஆய்வாளர்கள் வாடிக்கையாளர்போலப் போய்க் கணக்குக் கேட்டார்கள். 1985இல் வெளியான ஆய்வு அது. ஒரு காய் 35 குருசேரோ, நான்கு காய் எவ்வளவு? பன்னிரண்டு வயதுப் பையன் வாய்க்குள்ளேயே கூட்டுகிறான்: மூன்று காய் 105, அதோடு 30 சேர்த்தால் 135, ஒரு காய் 35 ஆயிற்றே, ஆக 140. பிறகு அதே பையனிடம் காகிதமும் பென்சிலும் கொடுத்து 35ஐ 4ஆல் பெருக்கச் சொன்னார்கள். நாலைந்து இருபது, கையில் இரண்டு. இரண்டும் மூன்றும் ஐந்து, ஐந்து நான்கு இருபது. விடை 200 என்று எழுதிக்கொடுத்தான். தெருவில் 140, காகிதத்தில் 200! இருநூறு என்று யாராவது அவனிடம் நான்கு காய்க்கு விலை சொல்லியிருந்தால் சிரித்திருப்பான். அந்தப் பிள்ளைகள் தெருவில் போட்ட கணக்குகளில் 98 விழுக்காடு சரி. அதே எண்களை வெறும் கணக்காகத் தாளில் கொடுத்தபோது 37 விழுக்காடு. ஆய்வில் இருந்தவர்கள் ஐந்தே பிள்ளைகள்தான் என்று அப்போது மூக்கைச் சுளித்தவர்கள் உண்டு. கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தையில் வேலை செய்யும் ஏராளமான பிள்ளைகளை வைத்து அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் செய்த ஆய்வு 2025இல் நேச்சர் இதழில் வந்திருக்கிறது. அங்கும் அதே கதை. இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: பள்ளியில் மட்டும் படிக்கும் பிள்ளைகளுக்குத் தாள்க்கணக்கு வருகிறது, சந்தைக்கணக்கு வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் பாலம் போட வேண்டியது பள்ளியின் வேலை. பாலத்துக்கு வேண்டிய பொருள் பேச்சு. பிள்ளைக்கு வந்த பேச்சு.

இப்போது ஓர் ஆறாம் வகுப்புக்குள் போவோம். அரசுப் பள்ளியின் ஆங்கில வழிப் பிரிவு. 2012-13க்குப் பிறகு ஊர் ஊராக முளைத்த வகை. பலகையில் ஆங்கிலத்தில் ஒரு கணக்கு: ரவியிடம் 45 தபால்தலைகள், அது மாலாவிடம் இருப்பதைவிட 18 குறைவு, மாலாவிடம் எத்தனை? ஆசிரியர் வாசிக்கிறார், பிள்ளைகள் கோரஸாகத் திரும்பச் சொல்கிறார்கள். மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண் எண்களுக்கு மட்டும் அடிக்கோடிட்டுவிட்டு எழுந்து கேட்கிறாள்: “சார், கூட்டலா கழித்தலா?” நம் கணக்கு வகுப்புகளில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். அவள் கணக்கை வாசிக்கவில்லை. எண்களைப் பொறுக்கியெடுத்துக்கொண்டு, அவற்றை என்ன செய்வது என்று உத்தரவு கேட்கிறாள். பக்கத்தில் இருப்பவன் கொஞ்சம் கெட்டி. ‘ஃப்யூயர்’ என்றால் குறைவு, குறைவு என்றால் கழித்தல் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். 27 என்று எழுதிவிட்டான். தப்பு.

தமிழில் கேட்டிருந்தாலும் இந்தக் கணக்கில் பாதிப் பேர் வழுக்குவார்கள். அது அப்படிப்பட்ட கணக்கு. ஆனால் தமிழில் வழுக்கினால் எழுந்திருக்க வழி உண்டு. “ரெண்டு பேருல யாருகிட்ட ஜாஸ்தி இருக்கு?” என்று ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டால் போதும். ரவிகிட்ட என்று ஒருவன், மாலாகிட்ட என்று ஒருத்தி, ‘டேய், ரவிகிட்டதாண்டா கம்மி’ என்று மூன்றாவது ஆள் புகுந்து ஒரு சண்டை மூளும். கணக்கு என்பது அந்தச் சண்டைதான். விடை அதன் வால். ஆங்கில வழி வகுப்பில் அந்தச் சண்டைக்கு இடமில்லை, ஏனென்றால் சண்டை போடும் அளவுக்கு ஆங்கிலம் யாரிடமும் இல்லை, ஆசிரியர் உட்பட. அவரைக் குறை சொல்லவில்லை. தமிழ் வழியில் படித்து, தமிழ் வழியில் பயிற்சி பெற்று, ஒரு ஜூன் மாதக் காலையில் ‘இன்றிலிருந்து ஆங்கிலத்தில் நடத்துங்கள்’ என்று உத்தரவு வாங்கியவர் அவர்.

உடனே ஒரு பதில் வரும்: ‘ஆசிரியர் தமிழில் விளக்குகிறாரே, அப்புறம் என்ன?’ உண்மை, விளக்குகிறார். ஆங்கில வழி என்று பலகை மாட்டிய வகுப்புகளில் பெரும்பாலானவை தமிழில்தான் ஓடுகின்றன. ஆனால் பாதகம் அங்கேதான் இருக்கிறது. தமிழில் நடக்கும் விளக்கம் திருட்டுத்தனமாக நடக்கிறது. பள்ளி ஆய்வாளர் வந்தால் நின்றுவிடுகிறது. பிள்ளை தமிழில் யோசித்ததற்கு நோட்டில் இடமில்லை, தேர்வில் மதிப்பெண் இல்லை. எழுத வேண்டியதை ஆசிரியர் ஆங்கிலத்தில் எழுதிப்போடுகிறார், பிள்ளை அதைப் பார்த்து எழுதி மனப்பாடம் செய்கிறது. ‘தேர்ஃபோர்’ என்பதற்கு மூன்று புள்ளி வைப்பது எல்லோருக்கும் தெரியும். எதனால் எது என்று கேட்டால் தெரியாது. புரிவது ஒரு மொழியில், எழுதுவது ஒரு மொழியில், இரண்டுக்கும் இடையில் ஒரு சுவர். அந்தச் சுவருக்கு வெளியே அம்மா நிற்கிறாள். எட்டாவது வரை படித்தவள், தமிழ்ப் புத்தகமாக இருந்தால் பிள்ளையோடு உட்கார்ந்திருப்பாள். இப்போது டியூஷனுக்குப் பணம் தேடுகிறாள்.

இயற்கணிதம் வந்ததும் சுவர் இன்னும் உயரும். ‘ஃபைவ் லெஸ் தேன் எக்ஸ்’ என்பதைக் குறியீட்டில் எழுதச் சொன்னால் ஐந்தை முதலில் போட்டு எக்ஸைக் கழிப்பது பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் தவறு. காதில் ஐந்துதான் முதலில் விழுந்தது. ‘எக்ஸைவிட ஐந்து குறைவு’ என்றால் எக்ஸ் முதலில் நிற்கும். மொழியற்ற பாடத்தில் இத்தனை மொழி.

இரண்டாவது கூற்றுக்கு வருவோம். கணக்கு கொஞ்சம் போனால் போகட்டும், ஆங்கிலமாவது வருமே என்பவர்களுக்கு. வராது.

கனடாவில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ், விளையாட்டு மைதானத்தில் பேசும் ஆங்கிலம் ஓரிரு ஆண்டுகளில் வந்துவிடுகிறது, பாடம் படிக்கும் அளவுக்கான ஆங்கிலம் வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகிறது என்றார். அந்தப் பிள்ளைகளுக்குக் கடையில் ஆங்கிலம், பேருந்தில் ஆங்கிலம், தொலைக்காட்சியில் ஆங்கிலம், பக்கத்து வீட்டில் ஆங்கிலம். அவர்களுக்கே அவ்வளவு காலம். நம் பிள்ளைக்கு ஒரு நாளில் வாய்ப்பது கோரஸாகச் சொல்லும் சில வாக்கியங்கள். புரியாத பாடத்தைப் புரியாத மொழியில் கேட்டால் இரண்டும் வரும் என்பது எந்த ஊர் நியாயம்?

நைஜீரியாவின் இஃபே நகரில் 1970இல் பாப்ஸ் ஃபஃபுன்வா தொடங்கிய ஆறாண்டுத் தொடக்கக் கல்வித் திட்டம் இந்த விவாதத்தில் கட்டாயம் நினைக்கப்பட வேண்டியது. ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு ஆறு ஆண்டும் எல்லாப் பாடமும் தாய்மொழியான யொரூபாவில். ஆங்கிலம் ஒரு பாடமாக, அதைச் சொல்லித்தரத் தனியாக ஒரு ஆசிரியர். இன்னொரு பகுதிக்கு வழக்கம்போல மூன்றாம் ஆண்டுக்குப் பிறகு ஆங்கில வழி. முடிவில் யொரூபாவில் படித்தவர்கள் மற்றப் பாடங்களில் மட்டுமல்லாமல் ஆங்கிலத்திலும் முந்தியிருந்தார்கள். தென்னாப்பிரிக்காவில் தொடக்கப் பள்ளிகளின் தேர்வு முடிவுகளை ஆண்டுக் கணக்கில் அலசி ஸ்டீஃபன் டெய்லரும் மரிசா வான் ஃபின்டெலும் 2016இல் எழுதியதும் இதே திசைதான்: முதல் மூன்று வகுப்பைத் தாய்மொழியில் படித்த பிள்ளைகள், நான்கிலிருந்து ஆறு வரையிலான வகுப்புகளில் ஆங்கிலத்தில் கூடுதல் மதிப்பெண் பெறுகிறார்கள். நம் நாட்டிலேயே அசாமில், போடோ வழியில் படித்த போடோப் பிள்ளைகள், அசாமிய வழியில் படித்த போடோப் பிள்ளைகளைவிட மொழியிலும் கணக்கிலும் மேலாக இருந்ததை அஜித் மொகந்தியும் அவருடைய மாணவரும் காட்டியிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் என்னை மடக்கப் பலர் காத்திருப்பார்கள். ‘உங்கள் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்? ஏழை வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் தமிழ் வழியா?’ இந்தக் கேள்விக்கு நான் மரியாதை கொடுக்கிறேன். தமிழ்வழிக்காக அறிக்கை விடுபவர்களில் எத்தனை பேரின் பேரப்பிள்ளைகள் சிபிஎஸ்இ பள்ளிப் பேருந்தில் ஏறுகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். வீட்டிலேயே ஆங்கிலம் பேசிப் பழகுங்கள் என்று பெரியார் சொன்னதற்குக் காரணம் இருந்தது. லக்கிம்பூர் கேரி மாவட்டத்தின் பாங்கா கிராமத்தில் தலித் எழுத்தாளர் சந்திரபான் பிரசாத் 2010இல் ஆங்கிலத்துக்குத் தேவியாக உருக்கொடுத்துக் கோயில் எழுப்ப முனைந்ததற்கும் காரணம் இருந்தது. தாய்மொழியின் பெயரால் தங்களைக் கிணற்றிலேயே வைத்திருக்கப் பார்க்கிறார்கள் என்ற சந்தேகம் ஒடுக்கப்பட்டவருக்கு வருவதில் தவறே இல்லை. பள்ளி வாசலில் நிற்கும் அந்த அப்பா முட்டாள் இல்லை. வேலைக்கான நேர்காணல் எந்த மொழியில் நடக்கிறது என்று அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

அவருக்கு வேண்டியது ஆங்கிலம். அவருக்கு விற்கப்படுவது ஆங்கில வழி. இரண்டும் ஒன்று என்று நம்பவைத்ததில்தான் தனியார் பள்ளி முதலாளிகளின் சாமர்த்தியம் இருக்கிறது. அரசும் அதே சரக்கை வாங்கித் தன் கடையில் வைத்துக்கொண்டது பரிதாபம். வசதியான வீட்டுப் பிள்ளை ஆங்கில வழியில் தேறிவிடுகிறதே என்றால், அதற்கு வீட்டில் ஆங்கிலப் புத்தகம் இருக்கிறது, ஆங்கிலத்தில் பேசும் அத்தை இருக்கிறாள், பள்ளி சறுக்கிய இடத்தையெல்லாம் வீடு பிடித்துக்கொள்கிறது. அந்த முடிவை மட்டும் எடுத்து, வீட்டை எடுக்காமல், ஏழைப் பிள்ளையின் தலையில் வைத்தால் அது சமத்துவம் ஆகாது. ஒரே தண்ணீரில் நீச்சல் தெரிந்தவனையும் தெரியாதவனையும் தள்ளிவிட்டு, தண்ணீர் இருவருக்கும் பொது என்பதுபோல.

இவ்வளவு சொன்னதால் தமிழ் வழி வகுப்புகளில் பாலும் தேனும் ஓடுகிறது என்று அர்த்தமில்லை. தமிழ்ப் பாடநூலில் கணக்கை எடுத்துப் படித்துப் பாருங்கள். மீச்சிறு பொது மடங்கு, விகிதமுறு எண்கள், கூட்டல் நேர்மாறு. எல்சிஎம் என்ற மூன்றெழுத்துக்கு இது எந்த வகையில் எளிது? கலைச்சொல் வேண்டாம் என்று சொல்லவில்லை; கலைச்சொல் வருவதற்கு முன்னால் பிள்ளை அந்த விஷயத்தைத் தன் வாயால் பேசியிருக்க வேண்டும். நம் நூல்களில் கலைச்சொல் முதல் வரியிலேயே மீசையை முறுக்கிக்கொண்டு நிற்கிறது. வாக்கியங்கள் பல ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழில் எழுதப்பட்டவை. ‘கொடுக்கப்பட்டுள்ள’, ‘கண்டறியப்பட வேண்டிய’ என்று போகும் அந்தத் தமிழ் எந்த வீட்டிலும் பேசப்படுவதில்லை. பிள்ளை தன் வீட்டுப் பேச்சில் பதில் சொன்னால், ‘இப்படியா பேசுவாங்க’ என்று வகுப்பைச் சிரிக்கவைக்கும் ஆசிரியர்கள் தமிழ் வழியிலும் உண்டு. அந்தச் சிரிப்பில் சாதியும் இருக்கும்.

நீலகிரியின் கூடலூரில் பணியர் என்னும் பழங்குடி வீட்டுப் பிள்ளைக்குத் தமிழ் வழியே அந்நிய வழிதான். வீட்டில் பேசுவது பணியர் மொழி. சென்னையைச் சுற்றியுள்ள செங்கல் சூளைகளில் ஒடியாப் பிள்ளைகள் இருக்கிறார்கள். திருப்பூர்ப் பள்ளிகளில் இந்தி பேசும் பிள்ளைகள் ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறார்கள். இந்தித் திணிப்பு எப்படி வலிக்கும் என்று நமக்குத் தெரியும் என்றால், மூன்றாம் வகுப்பில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளையின் வலியும் தெரிந்திருக்க வேண்டும். ஒடிசா 2006-07 வாக்கில் சவரா, கோயா, சந்தாலி உள்ளிட்ட பத்துப் பழங்குடி மொழிகளில் தொடக்கக் கல்வியைத் தொடங்கியது. குறைகள் ஆயிரம் இருந்தாலும் செய்து பார்த்தார்கள். மொழிக்காக உயிர் கொடுத்த மாநிலம் நீலகிரியில் அதைச் செய்ய என்ன தடை?

பண்பாடு என்று வரும்போதும் நம் பாடநூல்கள் சுலபமான வேலையைத் தேர்ந்தெடுத்துக்கொள்கின்றன. சமச்சீருக்குக் கோலம், எண்ணுவதற்குப் பல்லாங்குழி, அட்டையில் பொங்கல் பானை. படம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வகுப்பறையில் பண்பாடு என்பது யார் பேசலாம், எப்போது பேசலாம், கேள்விக்குப் பதில் என்பது என்ன என்கிற வழக்கங்களில் இருக்கிறது. ஷெர்லி பிரைஸ் ஹீத் என்ற மானிடவியலாளர் அமெரிக்காவின் கரோலினா பகுதியில் ஒரு கறுப்பினத் தொழிலாளர் குடியிருப்பில் ஆண்டுக்கணக்கில் பழகி 1983இல் ஒரு நூல் எழுதினார். அங்குள்ள பெரியவர்கள் தமக்கு விடை தெரிந்த கேள்வியைக் குழந்தையிடம் கேட்பதே இல்லை. பள்ளிக்கு வந்தால் ஆசிரியை வட்டத்தைக் காட்டி ‘இது என்ன?’ என்கிறாள். அவளுக்குத் தெரியாதா என்ன? குழந்தை பேசாமல் நிற்கிறது. பள்ளி அதற்கு ‘மந்தம்’ என்று பெயர் வைக்கிறது.

ஹவாயில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்காக 1970களில் நடந்த கமேஹமேஹா திட்டத்தில், ஒருவர் பேச்சில் ஒருவர் புகுந்து சேர்ந்து கதை சொல்லும் அவர்கள் வழக்கத்தை வாசிப்பு வகுப்புக்குள் அனுமதித்தார்கள். கையைத் தூக்கி ஒவ்வொருவராகப் பேசு என்ற விதியைத் தளர்த்தியதும் வாசிப்பு முன்னேறியது. வெற்றியைப் பார்த்து, அதே பாணியை அரிசோனாவின் நவஹோ பிள்ளைகளிடம் கொண்டுபோனார்கள். எடுபடவில்லை. நவஹோ பிள்ளைகள் கதையை முழுதாகக் கேட்ட பிறகே பேச விரும்பினார்கள். ஆணும் பெண்ணும் கலந்த குழுவில் கூசினார்கள். குழு அமைப்பை மாற்றவேண்டி வந்தது. ஆக, தலைநகரத்தில் அச்சடித்து எல்லா மாவட்டத்துக்கும் அனுப்பும் பொருளாகப் பண்பாடு இருக்க முடியாது. அந்த வகுப்பு ஆசிரியர் அந்தத் தெருவை அறிந்திருந்தால்தான் உண்டு.

ஆகக்கூடியது என்ன என்று கேட்டால், முதலில் ஆங்கிலத்தைப் பேசுவோம், அந்த அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு அது. நம் தொடக்கப் பள்ளிகளில் எல்லாப் பாடங்களையும் நடத்துபவர் பெரும்பாலும் ஒரே இடைநிலை ஆசிரியர்தான். ஆங்கிலமும் அவர் கையில்தான். இஃபேயில் செய்ததுபோல் ஆங்கிலம் பேசவும் கற்பிக்கவும் பயிற்சி பெற்ற ஒருவரை, இரண்டு மூன்று பள்ளிகளுக்கு ஒருவர் வீதமாவது, ஆங்கிலம் சொல்லித்தருவதற்கென்றே நியமிக்கலாம். பாட்டும் கதையும் பேச்சுமாக நாளுக்கு ஒரு மணி நேரம் நல்ல ஆங்கிலம் கேட்கும் பிள்ளை, ஆறு மணி நேரம் கோரஸ் போடும் பிள்ளையைவிட ஆங்கிலத்தில் முன்னால் நிற்கும். இதற்குச் செலவாகும். ஆங்கில வழிப் பிரிவுகளுக்குப் பலகை எழுதச் செலவே ஆகவில்லை என்பதால்தான் அது இவ்வளவு வேகமாகப் பரவியது.

செலவில்லாத வேலையும் ஒன்று இருக்கிறது. இன்று ஆங்கில வழிப் பிரிவுகளில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைத் திரும்பத் தமிழ் வழிக்கு மாற்றுங்கள் என்றால் பெற்றோர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், நானும் கேட்கப்போவதில்லை. ஆனால் கணக்குத் தேர்வில் வினாவை இரண்டு மொழியிலும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடலாம். விடைக்கு வந்த வழியைப் பிள்ளை தமிழில் எழுதினாலும், ஆங்கிலத்தில் எழுதினாலும், இரண்டையும் கலந்து தன் பேச்சிலேயே எழுதினாலும் முழு மதிப்பெண் உண்டு என்று சொல்லலாம். வகுப்பில் தமிழில் விளக்கும் ஆசிரியர் ஆய்வாளரைக் கண்டு வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை என்றும் சேர்த்துச் சொல்லலாம். பள்ளிக் கல்வித் துறையிலிருந்து ஒரு பக்கச் சுற்றறிக்கை போதும்.